கண்டவை

ஹோர்ன் துறைமுகத்தில், கம்பெனிக் கட்டடத்து மாடியில்,
கப்பல் ஏடுகளைப் பார்த்து எழுதுவது என் வேலை.
ஒவ்வொன்றுக்கும் மூன்று பிரதி.
ஒன்று இங்கே, ஒன்று ஆம்ஸ்டர்டாமுக்கு,
மூன்றாவது இலையுதிர்காலக் கப்பலில் பட்டேவியாவுக்கு.
மாதம் பதினான்கு கில்டர். மெழுகுவத்தி என் செலவு.

இரவில் நான் கவிஞன்.
கடலைப் பற்றி நாற்பது பாட்டு எழுதியிருந்தேன்:
பொன்னலை, வெள்ளிநுரை, பிடரி சிலிர்க்கும் சிங்கம்.
கரை கண்ட புலவன் என்று
மதுக்கடையில் கோப்பை உயர்த்தினார்கள்.
உண்மைதான்.
கரையைத் தவிர நான் எதையும் கண்டதில்லை.
எதிரே தெரியும் தீவுக்கு ஒருமுறை படகேறி
பாதி வழியில் வாந்தியெடுத்துத் திரும்பியவன்.

அந்த மே மாதம் ‘கருநாரை’ வந்து சேர்ந்தது,
வரைபடம் வெறும் தாளாகிவிடும் இடத்துக்கும் தெற்கே
பத்தொன்பது மாதம் அலைந்துவிட்டு.
அதன் ஏட்டைப் பிரித்தேன். தார் நாற்றம்.
உப்பில் முறுகிய பக்கங்களில் நான்கு கட்டங்கள்:
காற்று. திசை. ஆழம். கண்டவை.

மாலுமி விக்கர்ட்டின் கையெழுத்து
ஆணி அடித்தது போலிருக்கும்.
*தென்மேற்கு. நாற்பது பாகம், மணல். கண்டவை இல்லை.*
*தென்மேற்கு. அடி எட்டவில்லை. கண்டவை இல்லை.*
அறுபத்திரண்டு நாள், நாளுக்கொரு இல்லை.
மூன்று முறை எழுதிக் கை ஓய்ந்தது.
என் பாட்டுகளில் இல்லை என்ற சொல்லே இல்லை என்பது
அப்போதுதான் உறைத்தது.
எல்லாம் இருந்தது அவற்றில்.
கடல்தான்…

அறுபத்து மூன்றாம் நாள் எழுத்து மாறியது.
ஒரு பக்கம் சாய்ந்த, பிழை மலிந்த எழுத்து.
*காத்து படுத்துகிச்சு. எழுப்ப ஆள் இல்ல.*
அதற்கு அடுத்த நாள், கடைசிக் கட்டத்தில்:
*ஒரு பறவ. பேர் தெரியாது. அது எங்கள கண்டது.*

இறகுப் பேனா நின்றது. மை சொட்டிப் பரவியது.
பிழை கண்டால் திருத்த வேண்டும் என்பது விதி.
‘பறவை ஒன்று காணப்பட்டது’ என்று எழுதினேன்,
மூன்று பிரதியிலும்.
வீட்டுக்கு வந்து
சிங்கத்தை அவிழ்த்துவிட்டேன்.
புதுப் பாட்டு ஒன்று. பன்னிரண்டே வரி.
நடுவில் அந்தப் பறவை, எழுத்து மாறாமல்.

பாராட்டுக்குக் குறைவில்லை.
யாரோ காசு கொடுத்து அச்சிட்டும் விட்டார்கள்.

சம்பள பாக்கி வாங்க வந்த விக்கர்ட்
என் மேசையருகே நின்றான்.
இடப்பக்கம் பல் இல்லை அவனுக்கு.
‘கடையில் பாடிக் காட்டினார்கள்.
அந்த வரி என்னுடையது இல்லை, ஐயா.
பதினோரு நாள் ஜுரத்தில் கிடந்தேன்.
தளம் கழுவுகிற பையன், சீவர்ட், அவனிடம் ஏட்டைக் கொடுத்து
கண்டதை எழுதுடா என்றேன்.’

பறவை?

‘மறுநாளே சுட்டோம். எண்ணெய் வாடை.
பசி. அவனும் தின்றான்.
எலும்பை மட்டும் வெகுநேரம் கையில் வைத்திருந்தான்.’

பையன் எங்கே என்றேன்.
வேறு கப்பலில் ஏறிப் போய்விட்டான்;
எந்தக் கப்பல் என்று விக்கர்ட்டுக்குத் தெரியவில்லை.
சம்பளப் பேரேட்டில் தேடினேன்:
சீவர்ட் என்று நான்கு பேர்.
நான்கு பேருக்கும் பெயருக்கு நேரே
கையெழுத்துக்குப் பதில் ஒரு கீறல்.

மூன்றாம் பிரதி இன்னும் கிளம்பவில்லை.
எல்லோரும் போனபின் சுரண்டு கத்தியை எடுத்தேன்.
‘காணப்பட்டது’ எளிதில் வரவில்லை, நல்ல மை.
அவன் எழுதியதை எழுதினேன், ‘பறவ’ உட்பட.

யார் படிக்கப் போகிறார்கள்?
கிராம்பு மூட்டைக் கணக்கோடு கட்டி
ஏதோ ஓர் அலமாரியில் வைப்பார்கள்.

சுரண்டிய இடத்தில் தாள் மெலிந்துவிட்டது.
விளக்கருகே பிடித்தால்
பின்பக்கத்து ‘இல்லை’ தெரிகிறது.