சொட்டை

காட்பாடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூட மைதானம்.
வடக்கு கோல் வாசலில்
பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு
புல் செத்த தரை.
பி.டி. சார் அதைச் சொட்டை என்கிறார்,
தன் தலையைத் தடவிக்கொண்டே.

டேப்பின் ஒரு முனை என்னிடம்
மறுமுனை ஏகவல்லியிடம்.
நூற்று நாற்பத்து நான்கு சதுர அடி.
சேதாரத்துக்குப் பதினைந்து கூட்டி
விலைப்புள்ளி எழுதிக் கொடுத்தேன்.
'விதை தூவினால் மலிவாக முடியாதா?'
தலைமையாசிரியை கேட்டார்.
முடியும்.
பாதியை மைனா தின்னும்,
மீதியைக் கத்திரி வெயில் தின்னும்,
அதற்கும் தப்பியதை
ஒன்பதாம் வகுப்பு 'சி' பிரிவு தின்னும்.

கோட்டை உண்டு ராஜா இல்லை
ஆறு உண்டு தண்ணீர் இல்லை
மலை உண்டு மரம் இல்லை என்று
எங்கள் ஊருக்கு ஓர் இல்லைப் பட்டியல் இருக்கிறது.
மைதானம் உண்டு புல் இல்லை என்று
அதில் ஒருவரும் சேர்க்கவில்லை.
சேர்த்திருந்தால் எனக்குப் பிழைப்பு
கொஞ்சம் முன்னாலேயே கிடைத்திருக்கும்.

கடப்பாரை முதல் குத்தில் டங்கென்றது.
தண்ணீர் விட்டு ராத்திரி ஊறப் போட்டோம்.
காலையில் பார்த்தால்
மற்ற இடமெல்லாம் காய்ந்துவிட்டது,
தண்ணீர் நின்றது இரண்டே குழிகளில்.
பக்கத்தில் பக்கத்தில்,
ஒன்றரை அடி இடைவெளி.
கோலி நிற்கும் இடம்.
எத்தனையோ பேர் நின்றிருப்பார்கள்
நெட்டை, குட்டை, ஷூ போட்டது, போடாதது.
குழி என்னவோ
ஒரே ஆள் நின்றது போல.

நான்கு அங்குலம் கிளறியதில் கிடைத்தவை:
விசிலுக்குள் உருளும் தக்கைக் குண்டு,
துருப்பிடித்த ஹேர்பின்,
ஐம்பது காசு,
நீலச் சட்டைப் பொத்தான் நூலோடு.
அப்புறம் ஏகவல்லி
ஒன்றும் பேசாமல் உள்ளங்கையை நீட்டினாள்.
பல். பாதிப் பல்.

'தில்ஷாத்' என்றார் பி.டி. சார், யோசிக்கவே இல்லை.
'பேரணாம்பட்டுப் பொண்ணு.
பந்து ஒரு பக்கம், போஸ்ட் ஒரு பக்கம்,
ரெண்டையும் பிடிச்சா. பந்தை விடல.
வாயெல்லாம் ரத்தம், விசிலுக்குக் காத்திருந்து
அப்புறம்தான் துப்பினா.'
இப்போது ஆம்பூரில்
ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறாளாம்.
பல் கட்டிக்கொண்டாளா என்று
அவருக்குத் தெரியவில்லை.

வாலாஜாவிலிருந்து குட்டியானையில் வந்து இறங்கியது
ஈரச் சாக்கில் சுருட்டிய புல்.
ரசீதில் பெயர் பெர்முடா.
விரித்துப் பார்த்தால் நம்ம அருகுதான்.
பிள்ளையாருக்குக் கிள்ளிப் போடுகிற அதே ஆள்
முடி வெட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

செம்மண், ஆற்று மணல், மக்கிய சாணம்
சலித்துப் பரப்பி, பலகை இழுத்து
செங்கல் கட்டுவது போல மூட்டு மாற்றி
ஒவ்வொரு துண்டாக வைத்தோம்.
இடது குழிக்கு வந்தபோது
ஏகவல்லி முந்தானை முடிச்சை அவிழ்த்து
பாதிப் பல்லை உள்ளே போட்டாள்.
அதன்மேல் மணல்.
அதன்மேல் புல்.
உள்ளங்கையால் நாலு தட்டு.
நான் பார்த்தேன். பில்லில் ஏற்றவில்லை.

சுற்றிலும் கயிறு, சிவப்புத் துணி,
'இருபத்தொரு நாள் மிதிக்காதீர்' என்று அட்டை.
காலை ஒரு தண்ணீர், மாலை ஒரு தண்ணீர்.
ஐந்தாம் நாள் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன்,
வெள்ளை வேர் நூல் நூலாய்
பழைய மண்ணைப் பிடித்திருந்தது.

பத்தாம் நாள் காலை.
கயிறு அறுபடவில்லை, அட்டை சாயவில்லை.
கோல் வாசல் நடுவில்
பனியோடு படுத்துக் கிடந்தது புல்
இரண்டு இடத்தில் மட்டும்.
டேப்பை எடுத்தேன்.
ஒன்றரை அடி.

குனிந்து விரலால் நிமிர்த்திவிடப் போனேன்.
பி.டி. சார் வருவதற்கு இன்னும் நேரமிருந்தது.
குழாயைத் திறந்து
அந்த இடத்துக்குக் கொஞ்சம் அதிகமாகவே
தண்ணீர் விட்டேன்.