செவிக்கல்

அணைக்கரையில் எங்கள் தொட்டிகள் எட்டு.
ஏழாவது ஒழுகும்.
இரவுப் பதிவேடு எழுதுபவர் காவலர் இன்னாசிமுத்து.
உல்லம் என்று எழுதச் சொன்னால்
உள்ளம் என்றுதான் எழுதுவார்.
'உள்ளம் மூன்று செத்தது. காலை 4.10.'
'உள்ளம் ஒன்று செதில் உதிர்கிறது.'
ஆய்வுக்கு வந்த அதிகாரி
சிவப்பு மையால் சுழித்துவிட்டுப் போனார்.
அடுத்த நாளும் உள்ளம்.
நான் திருத்துவதை விட்டுவிட்டேன்.

தொட்டால் சாகும் மீன் அது.
கெண்டைபோல் கையில் துள்ளிப் பொறுக்காது.
பார்த்துத்தான் தூக்குவேன்,
இருந்தும் வீட்டில் சோறு பிசையும்போது
நகக்கண்ணில் ஒரு செதில் மினுங்கும்.

கடலில் வளர்ந்து, வயிறு கனத்ததும்
புதுவெள்ளத்தை மோப்பம் பிடித்துக்
கொள்ளிடத்தில் ஏறிவரும் சாதி.
ஏறிவந்து இந்தக் கதவுகளில் முட்டும்.
மேட்டூரில் எத்தனை அடி,
முறைப்பாசனம் எந்தத் தேதி,
அதற்கு யாரும் சொல்வதில்லை.
அதனால் நாங்கள்.

ஆவணி இரவு ஒன்றில்
குளத்திலேயே வளர்ந்த ஒன்பது பெட்டையில்
ஒன்றே ஒன்று கனிந்தது.
ஊசி போட்டு, ஈரத்துணியில் கிடத்தி,
கட்டைவிரலால் வயிற்றை வழித்தேன்.
சினை பொலபொலவென்று விழுந்த பீங்கான் தட்டு
என் மதியச் சோற்றுத் தட்டு.
வேறு தட்டு வரவில்லை, கோப்பு திருச்சியில் இருக்கிறது.
ஆணின் பால் இரண்டு சொட்டு.
கோழியிறகால் கலக்கினேன்.
அவை ஒன்றையொன்று பார்க்கக்கூட இல்லை.
மறுநாள் மாலை
தட்டு நிறைய நூலிழைகள் அசைந்தன.
தாய் அதற்குள் போய்விட்டிருந்தது.
'பெரிய உள்ளம்' என்று எழுதினார் இன்னாசிமுத்து,
நேரம் போடாமல்.

நாற்பத்தோராம் நாள் குஞ்சுகளை
ஓரிரவு சாயநீரில் ஊறவிட்டோம்.
உல்லத்தின் காதுக்குள் கல் ஒன்று உண்டு,
நாளுக்கொரு வளையம் கட்டி வளரும்.
அன்றைய வளையம் மட்டும் சிவக்கும்.
மாட்டுக்குச் சூடு போடுவது போலத்தான்,
ஆனால் மாட்டுக்கே தெரியாமல்.

பால்கேன்களில் தூக்கிப்போய்
அணைக்குக் கீழே விட்டோம், பன்னிரண்டாயிரம்.
விட்டதும் எல்லாம் எதிர்நீரில் தலைதிருப்பி
அணையைப் பார்த்து நின்றன.
அந்தப் பக்கம், என்றேன்.
அந்தப் பக்கம் கடல்.

கோடையில் ஆறு மணலாயிற்று,
மணல் லாரியாயிற்று.
ஒரு வருடம். இன்னொன்று.
திட்டத்தை மூடலாமா என்று கடிதம் வந்தது.

பிறகு கொடியம்பாளையத்திலிருந்து
தில்லைக்கண்ணு போன் செய்தார்.
'மேடம், உல்லம் ஒண்ணு ஏறுச்சு. ஒன்றரைக் கிலோ.
ஏலத்துல போயிடுச்சு, தைக்கால் வீடு.'

நான் போய்ச் சேர்ந்தபோது
ஜொகரா பீவி வீட்டில் குழம்பு இறக்கியாயிற்று.
தலை மட்டும் வேண்டும் என்றேன்.
சிரித்தார். தலைக்குத்தானே இந்த வீட்டில் சண்டையே.
கேட்டு வந்தவளைச் சும்மா அனுப்பமாட்டேன் என்று
சோறு போட்டு
தலையை என் தட்டில் வைத்தார்.
'முள்ளு பாத்து.'

தின்றேன்.
இரண்டு வருடம் தொடப் பயந்ததை
புளியோடும் மிளகாயோடும்.
நல்ல ருசி. அதைச் சொல்லவேண்டும்.
நாக்கில் கடுகுபோல் ஒன்று தட்டியது.
துப்பிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன்.
சினை இருந்ததா என்று கேட்டேன்.
'கை கொள்ளாம. காலைலயே வறுத்துட்டோம்.'

அன்றிரவு கல்லைத் தேய்த்து
நுண்ணோக்கியின் கீழ் வைத்தேன்.
சிவப்பு.
உள்ளே நாற்பத்தொன்று, எண்ணினேன்,
மறுபடி எண்ணினேன்.
வெளியே எழுநூற்றுச் சொச்சம்,
எங்களுக்குத் தெரியாத நாட்கள்.

இன்னாசிமுத்து பதிவேட்டை விரித்தார்.
மூடிய பேனாவைக் கடித்தபடி நின்றார்.
'இத எதுல எழுத மேடம்?
இறப்புலயா, வரவுலயா?'

ஏழாவது தொட்டி
ஒழுகிக்கொண்டிருந்தது.