பாதி விலையில் இரண்டாவது

பெர்கனில் குடை விற்கப் பெரிய சாமர்த்தியம் வேண்டாம்.
வருடத்தில் பாதிக்கு மேல் வானமே எங்களுக்காக உழைக்கிறது,
சம்பளம் கேட்காமல்.
மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொள்கிறது:
ஏழே மாதத்தில் கம்பியை முறித்து
ஆளைத் திரும்பக் கடைக்கு அனுப்பிவைக்கும்.

ஆனாலும் தூர்கெய்ர் மென்பொருள் வாங்கினார்.
நாற்பத்தெட்டாயிரம் பேரை அதற்குள் கொட்டினோம்.
பிரி என்றோம்.
பிரித்தது.

மஞ்சள் விரும்பிகள். கறுப்பைத் தாண்டாதவர்கள்.
தள்ளுபடி என்றால் நள்ளிரவிலும் கண் விழிப்பவர்கள்.
கூடையை நிரப்பிவிட்டு, பணம் கட்டும் நேரத்தில்
அடுப்பில் பால் வைத்தவர்கள்போல் ஓடிவிடுபவர்கள்.
ஒவ்வோர் அக்டோபரிலும் தவறாமல் புதுக்குடை வாங்குபவர்கள்;
இவர்களுக்கு அது வைத்த பெயர் விசுவாசிகள்.
அந்தப் பட்டியலில் என் தம்பி ஸ்டுர்லா இருந்தான்.
அவன் விசுவாசி இல்லை.
டிராமில் குடையை மறந்துவிட்டு இறங்குகிறவன்.

எல்லாப் பிரிவையும் கூட்டினேன்.
அறுபத்தோராயிரம்.
பதின்மூன்றாயிரம் பேர் எங்கிருந்து முளைத்தார்கள்?
தப்பில்லை, ஒரே ஆள் பல வட்டத்தில் நிற்கலாம் என்றார் தூர்கெய்ர்.
எனக்கு அந்த உபரி பிடித்துப்போனது.
மனிதர்கள் அளவுக்கு மேல் வழிகிறவர்கள் என்று
கணக்கே ஒப்புக்கொண்டதுபோல் இருந்தது.
வட்டத்துக்கு வட்டம் தனிக் கட்டணம் என்பது
பில் வந்தபிறகுதான் தெரிந்தது.

நவம்பரில் ஒரு பிரிவு தானாக உண்டானது:
சரியும் மதிப்பு. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்.
முதல் வரியில் அர்ன்ஃபின் ஹௌக்லாண்ட், லக்செவோக்.
ஒன்பது வருடமாக இரண்டு பெரிய குடை,
ஒன்று கறுப்பு, ஒன்று செர்ரிச் சிவப்பு.
இந்த வருடம் ஒன்றே ஒன்று.
சிறியது. கறுப்பு.

இன்னாருக்கு இன்ன நேரத்தில் இன்னது போகட்டும்:
இதற்கு மென்பொருளில் விதி என்று பெயர்.
எழுதியவள் நான்.
செவ்வாய் காலை ஒன்பது மணிக்கு
விதிப்படி அவருக்குப் போனது:
உங்கள் இரண்டாவது குடை பாதி விலையில்!

மதியம்தான் அந்தச் சிவப்பு என் கண்ணில் பட்டது,
இல்லாமற்போன சிவப்பு.
ரொட்டி தொண்டையில் நின்றுவிட்டது.
நான் போயிராத ஒரு வீட்டின் கதவோரம்
சொட்டிக்கொண்டிருக்கும் ஒற்றைக் குடை தெரிந்தது.
யாரையும் கேட்கவில்லை. நானே எழுதினேன்:
மன்னியுங்கள், இயந்திரத்துக்குத் தெரியாது,
உங்கள் இழப்பில் நாங்களும்…
மூன்று முறை அழித்து, நான்காம் முறை அனுப்பினேன்.

வியாழக்கிழமை பதில்.

"அன்புள்ள சில்யே,
என் மனைவி நலமாக இருக்கிறாள்.
உங்கள் கடிதத்தை வாசித்து, இருமல் வரும்வரை சிரித்தாள்.
உங்கள் சிவப்புக் குடை பாலத்தின்மேல் மூன்று தரம் கவிழ்ந்தது.
இப்போது ஸ்டாவங்கர்க் கம்பெனி ஒன்றின் குடை வைத்திருக்கிறாள்.
நாங்கள் இருவருமே அதற்குள் அடங்கிவிடுகிறோம்.
சிறியது, நான் நாயோடு போகும்போது."

இயந்திரம் அவரைச் சரிவில்தான் நிறுத்தியது.
நான் ஒரு படி மேலே போய்
அவர் மனைவியைக் கொன்றிருந்தேன்.

இவரை எந்தப் பிரிவுக்கு மாற்றலாம் என்றார் தூர்கெய்ர்.
'ஒரே குடைக்குள் நடப்பவர்கள்' என்று தட்டிப் பார்த்தேன்.
திரை சுழன்று சுழன்று
இதற்குத் தரவு இல்லை என்றது.
அழித்துவிட்டு, தொழிற்சாலைக்கு எழுதினேன்:
சிவப்பு, பெரியது, காற்றில் கவிழ்கிறது, மூன்றாம் கம்பியைப் பார்க்கவும்.
கம்பி எண்ணை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டார்.

சொல்லவில்லை.
ஆறு மணிக்கு வாசலைத் தாண்டி,
ஊழியர் விலையில் நான் வாங்கிய சிவப்பை விரித்தேன்.
காற்று தயாராக நின்றிருந்தது.