முடிவுப்புள்ளி

பல்கலைக்கழகம் படிவம் அனுப்பியிருக்கிறது.
பட்டம் பெற்று ஒன்பது வருடத்துக்குப் பிறகு
நான் எங்கே போய்ச் சேர்ந்தேன் என்று
அவர்களுக்குத் தெரியவேண்டுமாம்.

திருகோணமலையில், உட்துறைமுக வீதியில்,
மின்விசிறி ஒரு பக்கம் மட்டும் திரும்பும்
தண்ணீர் ஆய்வுகூடத்தில் என்று எழுதினேன்.
விட்டிருந்த இடம் போதுமாயிருந்தது.

அடுத்தது:
வெளிநாட்டில் கற்ற அரையாண்டு
உங்கள் தொழிலுக்கு எவ்வளவு உதவியது?
மிகவும். ஓரளவு. இல்லவே இல்லை.
ஒன்றுக்கு மட்டும் சரி போடவும்.

பேர்கனில் மழை.
ஜனவரியில் போனேன், ஜூனில் வந்தேன்,
இடையில் மூன்று குடை உடைந்தது.
அங்கே ஓர் இயந்திரம்,
சொட்டு நீரை விழுங்கிவிட்டு
உள்ளே கரைந்ததையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடும்.
அதன் பொத்தான்கள் இன்னும் என் விரலுக்கு ஞாபகம்.
அப்படி ஒன்றை இங்கே நான் காணவில்லை.

ஆனால் அங்கேதான் தனியே சாப்பிடப் பழகினேன்.
முதல் வாரம் கழிப்பறைக்குள் ஒளிந்து
பாணும் சீஸும் தின்றவள்
ஏப்ரலில் நடு மேசையில் குந்தி
ஆறுதலாக மீன்முள் எடுத்தேன்.
இன்றைக்கும் பஸ் நிலையத்துக்கு எதிரே
ஆண்கள் மட்டும் இருக்கும் கடையில்
கொத்து ரொட்டியும் பிளேன்ரீயும் சொல்லி,
வெளியே மான்கள் சொப்பிங் பை மெல்லுவதைப் பார்த்தபடி
முழுதாக முடித்துவிட்டுத்தான் எழும்புகிறேன்.
இதற்கு எந்தப் பெட்டியில் சரி போடுவது?

பேராசிரியரைப் பெயர் சொல்லவும் அங்கேதான் பழக்கம்.
ஹோக்கன், இந்தக் கணக்குப் பிழை என்றேன் ஒருநாள்.
பார்த்தார். ஓம், பிழைதான் என்றார்.
கோப்பி ஊற்றித் தந்தார்.

திரும்பி வந்து கொழும்பில் நேர்முகப் பரீட்சை.
நீள மேசை, ஐந்து பேர்.
நடுவிலிருந்தவர் ஒரு கணக்குச் சொன்னார்.
பிழை என்றேன்.
சேர் போட மறந்துவிட்டேன்.
அந்தக் கதிரையில் இப்போது யாரோ,
என்னிலும் இரண்டு மடங்கு சம்பளம்.

ஜெஸீமாவுக்குப் படிவம் வரவில்லை.
போய்வந்தவர்களுக்கு மட்டும் என்று தலைப்பில் இருக்கிறது.
இருவருக்கும் ஒரே புள்ளி,
ஒரே நாளில்தான் விசாவுக்குக் கைரேகை வைத்தோம்.
அவளுடைய கடவுச்சீட்டு
காரணம் இல்லாத கடிதத்தோடு திரும்பியது.
நான் குடை உடைத்த அந்த அரையாண்டு
அவள் கிண்ணியாவில், நானாவின் சைக்கிளில்,
கரியரில் போத்தல் பெட்டி கட்டி
நாற்பத்திரண்டு கிணற்றில் வாளி விட்டாள்.
“தண்ணி உப்பெண்டு எங்களுக்குத் தெரியாதா புள்ள?”
வீட்டுக்கு வீடு கேட்டார்களாம்.
எவ்வளவு உப்பெண்டு தெரியாதே, என்றாளாம்.

அந்த நாற்பத்திரண்டு எண்களைப் பார்த்துத்தான்
இப்போது குழாய் போகிறது.
அவள்தான் இங்கே பொறுப்பாளர்.
நான் அவளுக்குக் கீழே.

மத்தியானம் படிவத்தை வாசித்துக் காட்டினேன்.
சோற்றுக் கையோடு சிரித்தாள்.
“போகாதது எவ்வளவு உதவிச்செண்டும்
ஒரு கேள்வி போடச் சொல்லுடி.”
பிறகு, கை கழுவப் போனவள் நின்று,
“ஸ்நோ கையில எப்பிடியிருக்கும்?”
ஒன்பது வருடத்தில் முதல் தடவை கேட்கிறாள்.
பேர்கனில் ஸ்நோ குறைவு, மழைதான் என்று தொடங்கினேன்.
அதற்குள் மூதூர்ப் போத்தல்கள் வந்துவிட்டன.

அளவியைத் திறக்கிறேன்.
வெள்ளி நைத்திரேற்று துளி துளியாக.
மஞ்சள். இன்னும் மஞ்சள்.
செங்கல் நிறம் எந்தத் துளியில் வரும் என்பதில்
எனக்கு எப்போதும் தடுமாற்றம்,
அங்கே அதை இயந்திரம் பார்த்துக்கொண்டது.
என் தோளுக்கு மேலால் எட்டி
“இந்தா, நிப்பாட்டு” என்கிறாள்.

நிறுத்துகிறேன்.
பதினெட்டுத் தசம் நான்கு.
அவள் எழுதிக்கொள்கிறாள்.
போத்தலுக்கு அடியில் படிவம்,
ஒரு மூலை நனைந்துவிட்டது.