மூன்று விரல் ஆட்டம்

ஸ்டீயரிங்கை மூன்று விரல் அகலம் திருப்பும்வரை
சக்கரத்துக்குச் சேதி போவதில்லை.
பள்ளத்தூர்த் திருப்பத்தில்
நான் ஒடித்தேன், வண்டி யோசித்தது,
எதிரே வந்த வைக்கோல் லாரி
என் சார்பில் ஒதுங்கிக்கொண்டது.

நாற்பத்தொன்பதாம் வருஷத்து ஆஸ்டின்.
பாகப்பிரிவினையில் யாரும் கேட்காததால்
என் பேருக்கு வந்தது.

ஜபருல்லா அடியில் படுத்து
டார்ச்சை வாயில் கவ்வியபடி பேசினார்.
பாதி புரிந்தது.
வெளியே வந்து மீதியைச் சொன்னார்:
"டிராப் ஆர்ம் நட்டு ஒரிஜினல் இல்ல ஆச்சி.
எவனோ லாரி நட்டை அடிச்சு ஏத்திருக்கான்."

பழைய மரை ஐம்பத்தைந்து பாகை,
இப்போதைய மரை அறுபது.
ஐந்தே பாகை.
மதுரையில் வாங்கியதும்
கோயம்புத்தூரில் கடைந்து வந்ததும்
இரண்டு சுற்று உறவாடிவிட்டு
மூன்றாவதில் முறைத்துக்கொண்டன.

தலையில் கொத்தளம் வெட்டிய நட்டு அது.
காசில் நட்டு என்பார்கள், கோட்டை என்று அர்த்தம்.
நாட்டுக்கோட்டைச் சீமை முழுக்கத் தேடியும்
கட்டைவிரல் பருமனில்
ஒரு கோட்டை அகப்படவில்லை.

காரைக்குடி பழம்பொருள் தெரு, வயிரவன் கடை.
பர்மாக் கூடை, எனாமல் தூக்கு,
சாவியைத் தொலைத்த பூட்டுகள்,
பூட்டைத் தொலைத்த சாவிகள்.
கதவுக் கொண்டிகள் கிடந்த பிஸ்கட் டின்னில்
கிரீஸ் காய்ந்து கறுத்து
ஆறு பல்லோடு உட்கார்ந்திருந்தது.

இந்தத் தெருவுக்கு ஒரு சட்டம் உண்டு.
இன்னதென்று தெரியாதவரை எடைக்கு விலை,
தெரிந்துவிட்டால் வயசுக்கு விலை.
ஆகவே நான் அதைப் பார்க்கவில்லை.
நீல எனாமல் தூக்கைப் பார்த்தேன்.
மூடியைத் தட்டினேன், விரிசலைக் குறை சொன்னேன்,
இரண்டாயிரத்தை ஆயிரத்து முன்னூறாக்கி
வாசல்வரை போய்த் திரும்பி
"கொசுறா அந்த டின்லேர்ந்து
ஏதாவது ஒண்ணு போடுங்க" என்றேன்.

வயிரவன் எதையும் தேடவில்லை.
நட்டை எடுத்துக் காகிதத்தில் வைத்தார்.
கல்லாவைத் திறந்து
இரட்டைக்கால் ஊசி ஒன்றை
அதன் பக்கத்தில் வைத்தார்.
"காட்டர் பின் இல்லாம ஓட்டாதீக ஆச்சி.
ஜபருல்லா போன மாசமே சொல்லி வச்சாரு.
உங்களுக்குன்னுதான் டின்ல போட்டு வச்சேன்."
பிறகு, ரூபாயை எண்ணியபடி,
"தூக்கும் நல்ல தூக்குதான்."

பட்டறையில் அந்த நட்டு
வெறும் விரலுக்கே ஏழு சுற்று இறங்கியது.
கையிலெடுத்த ஸ்பானரை
ஜபருல்லா கொஞ்ச நேரம் சும்மா வைத்திருந்தார்.
மூன்று விரல் ஒரு விரலானது.
அந்த ஒன்றையும் எடுத்துவிடலாமா என்றேன்.
"அது கம்பெனி குடுத்தது. தொடக்கூடாது."

பள்ளத்தூர்த் திருப்பத்தில் ஒடித்தேன்.
திரும்பியது.
பின்சீட்டில்தான் கடகடவென்று சத்தம்,
மூடி சரியாகப் பொருந்தாத
ஆயிரத்து முன்னூறு ரூபாய்.