ஒரு குடா முன்னால்

சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்தேன்.
பொத்துவிலிலிருந்து கடன் கேட்டு வந்தவன்
வெறுங்காலோடு கல் ஏறினான் என்பதை
அலுவலகத்தில் யார் அறியப்போகிறார்கள்?

கோப்பில், முகவரி என்ற கட்டத்துக்குள்
"பாணமைப் பக்கம், கல்லு தாண்டி, மூண்டாவது குடா"
என்றுதான் கிடந்தது.
கீழே கையெழுத்து: சி. கிருபைராசா.
'ரா'வின் கால்
கட்டத்துக்கு வெளியே இறங்கிப் போயிருந்தது.

முதற்பாறை உச்சியில் போன் அடித்தது.
"இஹ்ஸான், ஆளக் கண்டயா?"
இல்ல சேர், இனித்தான்.
"எஞ்சினயாவது ஒரு போட்டோ எடுத்து அனுப்பு."
இறங்கினேன்.
சரிவின் பாதியில் சிக்னல் கோடுகள்
ஒவ்வொன்றாய் உதிர்ந்தன.
மிச்சம் இரைச்சல், அது கடலுடையது.

முதற்குடாவில் ஆள் தடமே இல்லை.
இராவணன் மீசை உருண்டு உருண்டு
தண்ணீர் வரைக்கும் ஓடியது,
பின்னால் கச்சான் காற்று.
நண்டொன்று என்னைக் கண்டு வளைக்குள் போய்
மறுகா வெளியே வந்தது,
நான் தொலைந்துவிட்டேனா என்று பார்க்க.

இரண்டாம் பாறை வழுக்கல்.
தவழ்ந்துதான் ஏறினேன், கோப்பைப் பல்லில் கடித்து.
மேலே குழியொன்றில் பழைய மழைத் தண்ணீர்,
பக்கத்தில் யாரோ அரைவாசியாய் வெட்டிவைத்த
சோடாப் போத்தல்.
அள்ளிக் குடித்தேன். பாசி மணத்தது.
மீண்டும் போன்.
மாதம் முடிய இரண்டு நாள் என்றார்.
அவர் சொன்ன எண்கள் காற்றில் அறுந்து அறுந்து விழ
வட்டி மட்டும் முழுசாய் வந்து சேர்ந்தது.

அடுத்த குடாவுக்கு விடியலில்
யானையொன்று வந்து போயிருக்கிறது.
அலையின் ஓரம் வரை நேராய் வந்த தடம்,
அங்கே கொஞ்சம் குழம்பி, காட்டுக்குத் திரும்பியிருந்தது.
ஒரு தடத்துக்குள் என் இரண்டு காலும் அடங்கின.
அதன் பிறகு கல்லோரமாகவே நடந்தேன்.

மூன்றாவது.
இரண்டு தகரம், ஒரு பொலித்தீன், அதுதான் வாடி.
கொடியில் சாரன் சொட்டிக்கொண்டிருந்தது.
மூன்று கல்லின் மேல் பானை,
சோறு பொங்கி வழிந்து நெருப்பைப் பாதி அணைத்திருந்தது.
"கிருபைராசா!"
பாறை முழுப்பெயரையும் திருப்பித் தரவில்லை,
ராசா, ராசா என்றது
யாரோ பிள்ளையைத் தேற்றுவதுபோல.

அப்போதுதான் அண்ணாந்தேன்.
நாலாவது பாறையின் முதுகில் ஒரு முதுகு,
தோளில் எஞ்சின்.
ஓடவில்லை.
எந்த வெடிப்பில் கால் வைக்க வேண்டுமென்று
தெரிந்தவரின் நடை.
துரத்தினால் எட்டிப் பிடிக்கலாம், எனக்கு வயது இருபத்தாறு.
ஆனால் நாலாவது குடா
கோப்பில் இல்லை.

சோறு அடிப்பிடிக்கும் மணம்.
அவருடைய ஈரச் சாரனாலேயே பிடித்து
பானையை இறக்கினேன், ஆனாலும் விரல் சுட்டது.
மூடி போட்டு, காகத்துக்காக மேலே ஒரு கல் வைத்தேன்.
அறிவித்தல் கடிதத்தையும்
அந்தக் கல்லுக்குக் கீழேயே வைத்தேன்.
சம்பளம் அதற்குத்தான்.

திரும்பும்போது, இரண்டாம் பாறையில்,
"ஆளக் கண்டயா?"
சேர், இங்க சரியான காத்து,
ஒண்டும் விளங்குதில்ல.
காற்று அந்நேரம் விழுந்து கிடந்தது.
போனைச் சட்டைப்பைக்குள் போட்டபோதுதான்
கையைப் பார்த்தேன். கோப்பு மட்டும்.
சப்பாத்து அங்கே, பானையடியில்.
எட்டாம் நம்பர்.
இன்னும் இரண்டு தவணை கட்ட இருக்கிறது.