மைனஸ் அறுபது

துவாஸில் காலை எட்டரைக்கே முப்பத்திரண்டு டிகிரி.
ஜூ கூனில் இறங்கிப் பேருந்து மாறுவதற்குள்
சட்டை முதுகோடு ஒட்டிவிடும்.
ஆய்வுக்கூடத்தில், பிரியாணிச் சட்டி அளவுத் தொட்டி ஒன்றில்,
தினமும் ஒரு துருவத்தைத் தயார் செய்கிறேன்.

ஆல்கஹாலில் திரவ நைட்ரஜனை மெல்ல ஊற்றி
முள் இறங்குவதைப் பார்த்திருப்பேன்.
மைனஸ் நாற்பது. மைனஸ் ஐம்பத்தைந்து.
அறுபதில் நின்றதும்
விரல் நீள எஃகுத் துண்டுகளை உள்ளே அடுக்குவேன்.
குளிர் ஊறியபின் இடுக்கியால் எடுத்து
ஐந்து நொடிக்குள் ஊசல் சுத்தியலுக்குக் கொடுக்க வேண்டும்.
ஆறாவது நொடியில் அது சிங்கப்பூர் எஃகாகிவிடும்.

உடையாத எஃகு கிடையாது.
எப்படி உடைகிறது என்று பார்ப்பதற்குத்தான் சம்பளம்.
முறிந்த முகம் சீனிபோல் பளபளத்தால் தோல்வி.
மங்கலாக, நார்நாராக,
விட மனமில்லாமல் கிழிந்திருந்தால்
அந்தத் தகடு பனிக்கடலுக்குப் போகலாம்.

கப்பல் எண் நானூற்றுப் பதினெட்டு,
பனி பிளந்து ஆள் மீட்கப் போகும் கப்பல்.
பனியே பார்க்காத நாங்கள் கட்டினோம்.
சாட்சிக்கு இருவர் வந்தார்கள்:
முர்மான்ஸ்கிலிருந்து ருஸ்லான், ட்ரொம்சோவிலிருந்து இங்வில்ட்.
அரை டிகிரிக்காக ஒரு முற்பகல் முழுக்கச் சண்டை,
அவர் வெப்பமானியா, இவர் வெப்பமானியா என்று.
மதியம் கோப்பிக் கடையில் ஒரே ஐஸ் கச்சாங், மூன்று கரண்டி.
ருஸ்லான் கரண்டியால் அதன் நடுவே கோடு கிழித்தார்:
"இது எங்கள் கடல், அது உங்கள் கடல்."
கோடு சிவப்புச் சர்பத்தாகிச் சோளத்தின்மேல் வழிந்தது.
"படகு கவிழ்ந்தால் மட்டும் கோடு இல்லை," என்றார் இங்வில்ட்,
"யார் கிட்டே இருக்கிறாரோ அவர் போக வேண்டும்.
கையெழுத்துப் போட்டிருக்கிறோம்."
ருஸ்லான் தலையாட்டினார், வாய் நிறைய ஐஸ்.

வடக்கு உருகினால் புதுப் பாதை திறக்குமாம்,
நம் துறைமுகத்தைச் சுற்றாமலே கப்பல்கள் போகுமாம்,
ஈஸ்ட் கோஸ்ட்டில் கடல் மட்டும் தவறாமல் வருமாம்.
ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர்
கைப்பேசியில் அதைப் படித்துவிட்டு
நான்கு இலக்க லாட்டரி முடிவுக்குப் போனார்.

பிப்ரவரியில் எங்கோ டாங்கிகள் நகர்ந்தன.
எனக்கு மூன்று வரி மின்னஞ்சல் வந்தது:
சோதனைகளை நிறுத்தவும்.
மாதிரிகளைப் பத்திரப்படுத்தவும்.
மறு அறிவிப்பு வரும்.

ஏப்ரலில் இங்வில்ட் மட்டும் வந்தார், காகிதங்களை எடுத்துப்போக.
"அவர் எழுதினாரா?" என்று கேட்டார்.
"உங்களுக்கு?" என்று கேட்டேன்.
ஐஸ் கச்சாங் வேண்டாம் என்றுவிட்டார்.

பாதி உடலோடு கப்பல் தளத்தில் இருக்கிறது,
மூக்கு ஜொகூர் பக்கம், அதாவது வடக்கே.
பழைய தமிழில் இதற்கொரு சொல் உண்டு: வடக்கிருத்தல்.
மானம் போன அரசர்கள் சோறு தண்ணீர் விட்டு
அந்தத் திசை பார்த்து அமர்ந்து செத்தார்கள்.
ஹைருலுக்கு விளக்கிச் சொன்னேன்.
"இதுக்குத் தண்ணி குறைச்சலா?" என்றார்;
மழை நான்கு நாளாய் அடித்து, தகடெல்லாம் துரு.

பெட்டியில் மீந்தவை பதினெட்டுத் துண்டுகள்.
வெள்ளிக்கிழமை மாலை, யாரும் கேட்காமலே,
தொட்டியை அறுபதுக்கு இறக்கினேன்.
நைட்ரஜன் கணக்கை யாராவது கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.
ஒன்றை எடுத்தேன். நான்கு நொடி. சுத்தியல் விழுந்தது.

துண்டு இரண்டாகவில்லை.
வளைந்து, வாய் பிளந்து,
ஒரு ஓரத்தில் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது.
கையால் ஆட்டிப் பார்த்தேன், வரவில்லை.

படிவத்தில் அதற்கென்றே ஒரு கட்டம் உண்டு: முறியவில்லை.
நிரப்பலாம்; ஆனால் கீழே இரண்டு சாட்சிகள் வேண்டும்.
ஆகவே பென்சிலால் குறித்தேன்.
ஹைருல் விளக்குகளை அணைத்துக்கொண்டே வந்தார்.
இருட்டில் தொட்டியின் முள்
ஏறத் தொடங்கியிருந்தது.